காலி அட்டைகள்

நீ பொய் எழுதினாய். மலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிகள் பதிவேட்டில், ஆனி மாதக் கடைசியில் ஒரு பிற்பகல் வந்த குழந்தையின் பெயருக்கு எதிரே, "மேல்சிகிச்சைக்குச் செல்ல அறிவுறுத்தியும் தாய் மறுத்துவிட்டார்" என்று உன் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நீ மறுநாள்தான் எழுதினாய். அதற்கு மேலே உள்ளதெல்லாம் கறுப்பு மை, அது மட்டும் நீல மை. இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கி, கடைசிச் சொல்லைக் கட்டத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறாய். இரண்டாம் வகுப்புப் பரீட்சையில் விட்டுப்போன விடையை ஞாபகம் வந்ததும் இப்படித்தான் நடுவில் செருகி எழுதுவாய். அந்தப் பக்கத்தை நான் பார்த்தபோது மருத்துவரோ விசாரணை அதிகாரியோ எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நீ இப்போது சென்னையில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறாய். அடுத்த மாதம் உனக்கு விமானம். என் போனை நீ கடைசியாக எடுத்து மூன்று வாரம் ஆகிறது. விடுதி முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. உன் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் பாஸ்போர்ட், சான்றிதழ், ஸ்வெட்டர் பற்றி. அதனால் இதை நம் செவிலியர் மாத இதழுக்கு அனுப்புகிறேன். நீ வேலையில் சேர்ந்த வாரமே உன் பெயருக்கு நான் சந்தா போட்ட இதழ். விடுதிக்கு அதைத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரமே அச்சுக்குப் போகும் இதழில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். உன் பெயரும் என் பெயரும் இதில் இருக்காது. அந்தப் பெண்ணை மல்லிகா என்கிறேன், அவள் குழந்தையை தர்ஷினி என்கிறேன், அவர்கள் ஊரை ஓடைக்கொல்லை என்கிறேன். படிக்கிற மற்றவர்களுக்குப் பாடம் சொல்ல நான் இதை எழுதவில்லை. உன்னிடம் வந்து சேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீ அன்றைக்கு ஒரு மணி நேரத்தை மட்டும்தான் பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்தது முழுக்க என்னுடையது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் துணை சுகாதார நிலையத்துக்குக் கீழே ஒன்பது குக்கிராமங்கள் வருவது உனக்குத் தெரியும். ஆறுக்கு வண்டி போகும். மூன்றுக்கு ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஓடைக்கொல்லை அந்த மூன்றில் ஒன்று. மழை பிடித்தால் ஓடை தாண்ட முடியாது என்பதால், வைகாசியிலேயே கர்ப்பிணிகளுக்கு மூன்று மாத இரும்புச்சத்து மாத்திரையை ஒரே தடவையாகக் கொடுத்துவிடுவேன். சிவப்பு மாத்திரை, மேலே இனிப்புப் பூச்சு. அதைப் போட்டால் பாதிப் பெண்களுக்குக் குமட்டும். மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும், பயந்துவிடுவார்கள். பிள்ளை வயிற்றுக்குள் பெரிதாக வளர்ந்து பிரசவம் கஷ்டமாகும் என்றும் ஒரு பேச்சு உண்டு. நமக்குத் தெரிந்த பதில் எல்லாம் இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடு, டீயோடு போடாதே, கேஸ் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு போடு, கறுப்பாகப் போவது மருந்தின் நிறம், பயப்படாதே. இதை ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து சொல்லக் கால் மணி நேரம் ஆகும். எனக்குக் கால் மணி நேரம் கிடையாது. என்னிடம் எத்தனை பேருக்குக் கொடுத்தாய், எத்தனை பேர் விழுங்கினார்கள் என்றுதான் கேட்பார்கள்.

நான்கு வருடம் முன்பு, ஓடைக்கொல்லையில் ஒரு வீட்டின் பின்னால் சாமைக் கொல்லை ஓரத்தில் மாத்திரைகள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். மழையில் கரைந்து மண்ணே சிவந்திருந்தது. அன்றைக்குத் தடுப்பூசி நாள், ஊர்ப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் அந்த மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து நடுவில் போட்டேன். கவர்மெண்டு உங்களுக்கு ரத்தம் குடுக்குது, நீங்க மண்ணுக்குக் குடுக்கறீங்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை தீர்ந்த காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை என்று சொன்னேன். அது நானே போட்ட விதி. வட்டாரத்தின் பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் அதைப் பாராட்டினார். மற்ற நர்சுகளையும் அப்படியே செய்யச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். அப்போது நீ கல்லூரியில் மூன்றாம் வருடம். "சூப்பர் மா" என்றாய்.

மல்லிகா அந்தத் தடுப்பூசி நாளில் கூட்டத்தில் இருந்தவள். அப்போது புதுசாகக் கல்யாணம் ஆனவள், பின்னால் நின்றாள். அவள் புருஷன் போர்வெல் லாரியில் வேலை செய்கிறான், வருடத்தில் பாதி வடக்கே இருப்பான். இந்த வருடம் அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். மாத்திரை போட்டால் குடலே வெளியே வருவது போல வாந்தி வருகிறது என்று என்னிடம் ஒரு முறை சொன்னாள். தர்ஷினி இடுப்பில் இருந்தாள், இரண்டரை வயது. நான் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே, "மிட்டாய்னு நினைச்சு வாய்ல போடு, தண்ணி குடி, ஒண்ணும் ஆவாது" என்றேன். குழந்தை கையை நீட்டியது. நான் சிரித்துக்கொண்டு, "உனக்கில்லடி, இது உங்கம்மா மிட்டாய்" என்றேன்.

இதைச் சொன்ன வாய் என்னுடையது. பொறுமையாகக் கேட்டுக்கொள்.

மல்லிகாவால் விழுங்க முடியவில்லை. கொட்டவும் பயம். காலி அட்டையைக் காட்ட வேண்டும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தினமும் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பவுடர் டப்பா ஒன்றில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தாள். ஆனி மாதம் நான் போனபோது காலி அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்த்து டிக் போட்டேன். "நல்ல பொண்ணு" என்றேன். அட்டையில் இருக்கும்வரை ஒரு குழந்தையால் அவ்வளவு மாத்திரையைப் பிரித்துத் தின்ன முடியாது. அவளை அட்டையிலிருந்து பிரிக்க வைத்தவள் நான்.

நான்கு நாள் கழித்து அந்தக் குழந்தை உன்னிடம் வந்தது.

அன்றைக்கு மருத்துவர் திருவண்ணாமலைக்கு மீட்டிங் போயிருந்தார். நீ தனியாக இருந்தாய். அந்த வாரம் முழுக்க மலையில் நாவல் மரத்தடியில்தான் பிள்ளைகள் இருந்தன. மண்ணில் விழுந்ததைப் பொறுக்கித் தின்று வாந்தி, பேதி என்று காலையிலிருந்து நான்கு குழந்தைகளைப் பார்த்திருந்தாய். தர்ஷினி ஐந்தாவது. காலையிலிருந்து வாந்தி, சிவப்பும் பழுப்புமாக. மலம் கறுப்பாக. மல்லிகாவே சொல்லியிருக்கிறாள், நாவப்பழம் தின்னுச்சு சார் என்று. வாயும் ஊதாவாகத்தான் இருந்ததாம். நீ வாந்தி நிற்க ஒண்டான்செட்ரான் ஊசி போட்டாய். வயிற்றெரிச்சலுக்கு ஒரு ஊசி. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், துத்தநாக மாத்திரை. அரை மணியில் வாந்தி நின்றது, குழந்தை தூங்கியது. நீ அவர்களை வீட்டுக்கு அனுப்பினாய்.

உன் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அது உண்மையும்கூட. ஆனால் உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வருடம் மருந்தியல் பரீட்சைக்கு முன்னால், நான் சமையலறையில் வடகம் பொரித்துக்கொண்டிருந்தேன், நீ வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாய். இரும்பு மாத்திரை அதிகம் தின்ற குழந்தை முதலில் வாந்தி எடுக்கும், பேதியாகும், ரத்தம் போகும். பிறகு சில மணி நேரம் தேறிவிட்டது போலத் தூங்கும். அந்தத் தூக்கத்தை நம்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது, அதற்குப் பிறகுதான் ஈரலும் இதயமும் விழும். மாற்று மருந்தின் பெயர் டெஸ்ஃபெரியாக்ஸமின். அந்தப் பெயர் உன் வாயில் நுழையாமல் நான்கு தடவை சொல்லிப் பார்த்தாய். நான், "இதெல்லாம் சீமைல வர்ற கேஸுடா, நம்ம ஊர்ல எவன் இரும்பு மாத்திரையத் தின்றான்? குடுத்தாலே துப்பறாங்க" என்றேன். நீ சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாய். பக்கத்தைத் திருப்ப வைத்ததும் நான்தான்.

வாந்திக்கு மருந்து கொடுப்பது தப்பில்லை. அந்த ஊசி அதன் வேலையைச் செய்தது. எதனால் வாந்தி என்று தெரியாமல் நிறுத்தினால், உள்ளே நடப்பதைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே வழியையும் நாம் அடைத்துவிடுகிறோம். வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று ஒரு கேள்வி நீ கேட்டிருக்க வேண்டும். வாளியில் இருந்த வாந்தியை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் பூச்சுத் துண்டு மிதந்திருக்கலாம். நீ கேட்டிருந்தாலும் மல்லிகா சொல்லியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. நீ என் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். விழுங்காத மாத்திரையைப் பற்றி நர்சம்மா பிள்ளையிடம் அவள் எப்படிச் சொல்வாள்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபிறகுதான் டப்பா திறந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கொஞ்சம் பயந்தாளாம். பிறகு யோசித்தாளாம், சத்து மாத்திரைதானே, நர்சம்மா எப்பவும் சத்துன்னுதானே சொல்லும், குழந்தையும் நிம்மதியாத் தூங்குது. காலையில் குழந்தையின் கையும் காலும் சில்லிட்டிருந்தன, எழுப்பினால் எழவில்லை. 108 வந்து, அமிர்தி வழியாக வேலூருக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம். மாற்று மருந்து அங்கே இருந்தது. குழந்தைதான் நேரத்துக்கு வந்து சேரவில்லை. மத்தியானம் இறந்துவிட்டது.

அன்று பிற்பகல் நீ எனக்குப் போன் செய்தாய். அந்தப் பேச்சை நான் மனசுக்குள் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறேன்.

"மா, நேத்து வந்த குழந்தை ஒண்ணு செத்துப்போச்சு. பெரிய டாக்டர் பதிவேட்டைக் கேக்கறாராம்."

"பதிவேட்ல இன்னா எழுதியிருக்க?"

"வாந்தின்னு. குடுத்த மருந்தெல்லாம் எழுதியிருக்கேன்."

"மேல போவச் சொன்னியா?"

"இல்ல மா. தூங்கிடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு மா."

"சொன்னதா எழுதிடு. வெறுமனே வுடாத."

குழந்தையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. இத்தனை வருட வேலையில் இந்த ஒன்றைத்தான் நன்றாகக் கற்றிருக்கிறேன்: எழுதியது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை. ஊசி போடாத நாளில் ஊசி போட்டதாக எழுதவில்லை, ஆனால் போகாத வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். எடை மிஷின் ரிப்பேரான மாதத்தில் எடை எழுதியிருக்கிறேன். எல்லாரும் எழுதுகிறோம். அந்தப் பழக்கம் அன்றைக்கு யோசிக்காமலே என் வாயில் வந்தது. சொன்னதாக எழுது என்றது நான். தாய் மறுத்துவிட்டார் என்று எழுதியது நீ. அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. போகச் சொன்னது உண்மை என்றால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்று யோசித்து நீயே ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டாய். உனக்குக் கையில் கிடைத்த காரணம் மல்லிகா.

நீ கெட்டவனில்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இரவுச் சாப்பாட்டில் நீ ஒன்று சொன்னாய். "மா, இன்னைக்கு நாப்பது பேருக்குப் பசிக்கு மாத்திரை குடுத்தேன்." வயிறு எரிகிறது என்று வரும் பெண்ணிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் டீ என்கிறாள். மத்தியானம்? டீ. அவளுக்கு நாம் பான்டப்ரசோல் கொடுக்கிறோம், வெறும் வயிற்றில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடு என்கிறோம். எந்தச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று அவள் கேட்பதில்லை. சோறும் கீரையும் முட்டையும் இல்லாத வீட்டுக்கு இரும்பையும் வைட்டமினையும் அட்டையில் போட்டு அனுப்புகிறோம், அவள் அதை விழுங்கினாளா என்று போலீஸ் மாதிரி சோதனை போடுகிறோம். இதை எனக்கு முதலில் சொன்னவன் நீ. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினாய். நான் பெருமைப்பட்டேன், பயந்தும் போனேன். இந்தக் கோபத்தோடு இவன் எப்படி அரசாங்க வேலையில் இருப்பான் என்று நினைத்தேன். அந்தப் பையன் ஒரே ஒரு போனில் காணாமல் போவான் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். உனக்கு நாலு வயசு. அப்போதெல்லாம் பி காம்ப்ளக்ஸ் பெரிய டின்னில் வரும், நான் காகிதப் பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்திருப்பேன். நான் குளித்துக்கொண்டிருந்தபோது நீ பையைத் துழாவி ஒரு பொட்டலத்தையே தின்றுவிட்டாய். அதுவும் இனிப்புப் பூச்சுதான். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் ஒன்றுக்குப் போக நின்று, "மா, மஞ்சளா வருது, நான் சாவப் போறேனா" என்று அழுதாய். உன் அப்பா சிரித்துச் சிரித்துப் புரை ஏறிப்போனார். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னோம், உன் கல்லூரி நண்பர்களிடம்கூட நான் சொல்லி நீ கோபித்துக்கொண்டாய். அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே அதே பையில் இரும்பு மாத்திரைப் பொட்டலமும் இருந்தது. உன் கை எதில் பட்டது என்பதுதான் உனக்கும் தர்ஷினிக்கும் உள்ள வித்தியாசம். நான் படித்தவள், நர்ஸ், மருந்தைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைத்தவள். என்னை யாரும் கூட்டம் போட்டு விசாரிக்கவில்லை. நல்ல கதை ஒன்று கிடைத்தது என்று சிரித்தார்கள்.

மல்லிகாவைக் கூட்டம் போட்டு விசாரித்தார்கள். விசாரணை அறிக்கையின் நகல் ஓடைக்கொல்லைக்குப் போயிற்று. பத்தாவது படித்த ஒரு பையன் அதைச் சத்தமாகப் படித்தான். டாக்டர் போவச் சொன்னாராம், இவ போவலயாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. உன்னை அவர்கள் டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள், நீயும் திருத்தியதில்லை. சொல்லவே இல்லை என்று மல்லிகா அழுதிருக்கிறாள். பேப்பர்ல கீதே என்று சொல்லிவிட்டார்கள். ஊர்த் தலைவரான நாட்டாரும் அவள் மாமனார் வீட்டாரும் முடிவு செய்துவிட்டார்கள்: வயிற்றில் இருப்பது பிறந்ததும் அவளிடம் விடமாட்டார்கள். புருஷனின் அண்ணன் வீட்டில் வளரும். பெத்த புள்ளய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போவாத கையில இன்னொண்ண எப்படிக் குடுக்கறது என்று அந்த அண்ணி கேட்டாளாம். அவள் புருஷன் லாரியிலிருந்து வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டு, லாரிக்கே திரும்பிப் போய்விட்டான். மல்லிகா இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். இது ஒன்பதாவது மாதம்.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. வட்டார மருத்துவ அலுவலரிடம் போய் மொத்தத்தையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காலி அட்டை வாங்கியது விதிமீறல் இல்லையே அம்மா, நல்ல நடைமுறைதானே என்றார். அந்த வரி பொய் என்றேன். நீங்க அந்த நேரம் அங்க இருந்தீங்களா என்றார். இல்லை. பிறகு எப்படிச் சொல்றீங்க? பிள்ளை போனில் சொன்னான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பையன் வெளிநாடு போறான்ல? நல்லபடியாப் போவட்டும். அந்தப் பொண்ணு மேல கேஸ் எதுவும் போடலையே, அதோட விடுங்க" என்றார். அவரும் கெட்டவரில்லை. என் கடிதம் ஒரு கோப்பில் இருக்கிறது. கோப்பு பீரோவில் இருக்கிறது.

பிறகு ஓடைக்கொல்லைக்கே போனேன். ஊர் நாட்டார் வீட்டு முன்னால் நின்று, ஆண்களும் பெண்களும் கேட்க, மாத்திரை என்னுடையது, விதி என்னுடையது, மிட்டாய் என்று சொன்னது நான், மல்லிகா மறுக்கவில்லை, அவளைப் போகச் சொல்லவே இல்லை என்று சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்றிருக்கலாம். ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாட்டார் கடைசியில் வாயைத் திறந்தார். "நீ நல்ல மனுசி, அந்தப் பொண்ணுக்காகப் பேசற. எழுதுனது நீ இல்லியே நர்சம்மா. எழுதுன கையி வந்து சொல்லட்டும், நாங்க கேட்டுக்கறோம்." அவ்வளவுதான். நான்கு வருடம் முன்பு அதே இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு நான் கத்தியபோது என் வார்த்தைக்கு இருந்த பலத்தில் ஒரு துளிகூட இப்போது இல்லை. பொய்யாக மிரட்டியபோது நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது பரிதாபப்படுகிறார்கள்.

வீட்டில் உன் அப்பா எதற்கு இந்த வம்பு என்கிறார். செத்தது திரும்ப வரப்போவதில்லை, நம் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் விசாவுக்காக ஜெபித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அக்கா என் தோளைத் தடவிக் கொடுத்தார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த வரியைத் திருத்தினால் விசாரணை மறுபடி திறக்கும், நன்னடத்தைச் சான்றிதழ் நிற்கும், ஜெர்மனிக் கதவு மூடிவிடும். மூடலாம். மூடாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இரண்டு வருடம் ஒப்பந்தச் சம்பளத்தில் நீ பட்டது எனக்குத் தெரியும். தனி ஆளாக மூன்று ஆள் வேலை பார்த்தாய், மருத்துவர் இல்லாத இடத்தில் உன்னை மருத்துவராக நிற்க வைத்தார்கள், தப்பு நடந்ததும் கை கழுவினார்கள். உனக்குச் செய்தது அநியாயம்தான். அந்த அநியாயத்தை நீ யார் தலையில் இறக்கினாய் என்று பார். உனக்கு மேலே இருக்கிற ஒருவர் மீதும் இறக்கவில்லை. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த, வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நாலு மைல் நடந்து உன்னை நம்பி வந்தவள் மீது இறக்கினாய்.

அங்கே போனாலும் நீ நர்ஸ்தான். முதியோர் இல்லத்தில் யாரோ ஒரு கிழவர் காலையில் குமட்டுகிறது என்பார். உன் கை மாத்திரைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில். நேற்று என்ன சாப்பிட்டார், வேறு எந்த மருந்து புதுசாக ஆரம்பித்தார்கள், மலம் எப்படிப் போனது என்று கேள். அமைதியாகிவிட்ட நோயாளியிடம் இரண்டாவது தடவை போய்ப் பார். இதெல்லாம் உனக்குத் தெரியும், உன் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எழுதும்போது, உன் பேனா அந்தக் கட்டத்துக்கு வரும்போது, அந்த நீல மை உனக்கு ஞாபகம் வரும். எந்த மொழியில் எழுதினாலும் வரும். எனக்கு வருகிறது. இப்போதெல்லாம் வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதவே கை கூசுகிறது.

நேற்று மல்லிகாவைப் பார்க்கப் போனேன். கால் வீங்கியிருக்கிறது, ரத்தம் குறைவு, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் காகிதம் போல வெளுத்திருக்கிறது. அவளுக்கு இப்போது இரும்பு உண்மையாகவே வேண்டும். பையில் கொண்டுபோயிருந்தேன், கொடுக்க எனக்குத்தான் கை வரவில்லை. அவளே கேட்டு வாங்கினாள். ஒரு மாத்திரையை எடுத்து என் கண் முன்னால் வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள். குமட்டலை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நான் கேட்காமலேயே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, விழுங்கிவிட்டேன் என்று எனக்கு நிரூபித்தாள். நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். அவள் வாயை மூடவில்லை, நான் திரும்பிப் பார்க்கும்வரை திறந்தே வைத்திருந்தாள். நான் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் மூடினாள்.

கிளம்பும்போது படலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், சண்டைக்காரி மாதிரி இல்லாமல், பஸ் நேரம் கேட்கிற மாதிரி.

"வலி வர்றதுக்கு முன்னாடி வந்துடுவாரா நர்சம்மா, உங்க புள்ள?"

அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டு வாரம், அதற்கு முன்னாலும் வலி வரலாம். செங்கத்திலிருந்து காலையில் பஸ் இருக்கிறது, ரோடு வரை நான் ஸ்கூட்டியில் வந்து நிற்பேன், அங்கிருந்து ஊர்வரை உன்னோடு நடப்பேன். முதலில் அந்தப் பதிவேட்டில் நீல வரியை உன் கையால் அடித்து, கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. பிறகு ஊர் நாட்டார் வீட்டு முன்னால் நின்று, நான் போகச் சொல்லவில்லை, இவள் மறுக்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல். அதற்குப் பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை உனக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. நீ அந்தப் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய் என்றே நினைக்கிறேன்.

எப்படா வர்ற?